எங்கள் வீட்டில் இருந்த சுனில்

ஒரு சின்னப் பச்சை லைட்... விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். கூடவே, கடல் உப்பு ஏறிப் பிசுபிசுக்கும் ஜன்னல் கம்பியும், ரயில் போகும்போது அதிரும் மேசையும்.

கொழும்பு வெள்ளவத்தையில், கடலை ஒட்டிய ஒழுங்கையொன்றில் இரண்டாம் மாடி வீடு. வடக்கில் சண்டை மறுபடி மும்முரமாகியிருந்த காலம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அடம்பிடித்து வீட்டுக்கு வைஃபை எடுத்திருந்தேன். வந்து பொருத்திக் கொடுத்தவர் பாஸ்வேர்ட் எதுவும் போடவில்லை. எங்களுக்கும் அது தோன்றவில்லை.

ஒருநாள் பின்னேரம் எங்கள் கம்ப்யூட்டர் நிறுத்திக் கிடந்தது. ஆனால் ரவுட்டரில் லைட் மட்டும் துடிக்கிறது. அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தார்.

"பிள்ளை, ஆரோ எங்கட லைனுக்குள்ள இருக்கிறாங்கள்."

"இருந்தா இருந்திட்டுப் போகட்டுமன் அப்பா."

"விசரே உனக்கு? அவன் எதையாவது அனுப்பிப்போட்டுப் பேசாம இருந்திடுவான். பொலிஸ் என்ர பேரைத் தேடித்தான் வரும்."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அப்போது தமிழர் வீட்டில் யார் தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். பதியாமல் ஒரு சொந்தக்காரர் வந்து படுத்தாலே அப்பாவுக்குக் கண்ணில் பொட்டு நித்திரை வராது. இப்போது பெயர் ஊர் தெரியாத ஒருவர் எங்கள் லைனில் குடியிருக்கிறார்... பதில் சொல்ல வேண்டியவர் அப்பா.

அதன் பிறகு அவருக்கு எல்லோர் மேலும் சந்தேகம். கீழ் வீட்டு ஆசிரியை, எதிர் லொட்ஜ்காரர், சந்தியில் சென்றிக்கு நிற்கும் ஆமிக்காரர்... யாராவது பையோடு படி ஏறினால், உள்ளே லாப்டொப் இருக்கிறதா என்று பார்வையாலேயே எடை போடுவார்.

ஒபிசில் கேட்டறிந்து வந்து ஞாயிற்றுக்கிழமை பாஸ்வேர்ட் போட்டேன். அப்பா அதோடு விடவில்லை. வைஃபைக்கு நான் யாழ்ப்பாணத்து எங்கள் ஊர்ப் பெயரை வைத்திருந்தேன், கோண்டாவில் என்று. அது ரோட்டில் போகிறவனுக்கும் தெரியும் என்றதும் மனுஷனுக்கு வியர்த்துவிட்டது.

"தமிழ் வீடெண்டு போர்ட் எழுதித் தொங்கவிட்டிருக்கிறாய். ஒரு சிங்களப் பேராப் போடு. சுனில் எண்டு போடு."

போட்டேன். அன்றைக்கு அப்பா நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இரண்டு மூன்று நாளில் மேல் மாடியிலிருந்து கேதீஸ் வந்தான். யாழ்ப்பாணத்துப் பொடியன். மனைவி லண்டனில், இவன் தனியாக அறை எடுத்து விசாவுக்குக் காத்திருந்தான். உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் வாய் திறந்தான்.

"அங்கிள், இந்த பில்டிங்குக்க சுனில் எண்டு ஆரும் புதுசா வந்திருக்கினமோ? சிஐடி போல கிடக்கு. நான் கொட்டாஞ்சேனைக்கு மாறுவமோ எண்டு யோசிக்கிறன்."

"நீர் எங்க கண்டனீர்?"

"லாப்டொப்பில... முந்தியிருந்த லைன் திடீரெண்டு நிண்டிட்டுது. அந்த இடத்தில இவன் வந்து நிக்கிறான்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. இவ்வளவு நாளும் நாங்கள் தேடிய ஆள் இவன்தான். பின்னேரங்களில் மனைவியின் முகத்தைப் பார்த்தது எங்கள் லைனில். அப்பாவுக்கு ஏனோ கோபம் வரவில்லை.

"தம்பி, பயப்பிடாதையும். அந்தச் சுனில் நான்தான்."

சிரிப்பான் என்று நினைத்தோம். அவன் முகம் வெளிறிப்போனது. சிங்களப் பெயருக்குப் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார் என்றால், அந்த நாட்களில் அவனைப் போன்ற பொடியன்களுக்குத் தோன்றுவது ஒன்றுதான்... பொலிசுக்குப் பிடித்துக் கொடுக்கும் ஆள்காட்டி. அப்பா விளக்க விளக்க, அவன் தலையை ஆட்டிக்கொண்டே கதவுப் பக்கம் நகர்ந்தான்.

அடுத்த நாள் நானே மேலே போனேன். கதவைப் பாதிதான் திறந்தான்.

"கேதீஸ், பாஸ்வேர்ட்டைச் சொல்லுறன். வைஃபோட எங்கட லைனிலயே கதையும்."

"வேண்டாம் அக்கா. நான் இன்டர்நெட் பாவிக்கிறேல்லை."

அவனுக்குப் பின்னால் கட்டிலில் லாப்டொப் திறந்தபடி கிடந்தது.

அந்தக் கிழமை முடியுமுன்பே ஒரு பையோடு த்ரீவீலரில் ஏறிப் போய்விட்டான். சொல்லிக்கொண்டு போவான் என்று அப்பா படியில் நின்றார். அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. விசா கிடைத்ததா, போய்ச் சேர்ந்தானா... இன்றுவரை தெரியாது. நினைத்தால் இப்போதும் மனதுக்கு ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

போன மாதம் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். போனைத் திறந்தால் பில்டிங் முழுக்க வைஃபை. சாமி பெயரில் சில, ஊர்ப் பெயரில் சில. கோண்டாவில் கூட ஒன்று இருந்தது, யாருடையதோ. ஒருவரும் எதையும் ஒளிக்கவில்லை. வருகிறவர்கள் தேத்தண்ணிக்கு முன்பே பாஸ்வேர்ட் கேட்கிறார்கள், நாங்களும் சொல்கிறோம்.

எங்கள் வீட்டில் ரவுட்டர் எத்தனையோ மாறிவிட்டது. பெயரை மட்டும் அப்பா மாற்ற விடுவதில்லை.

"அம்மப்பா, ஆர் அந்த சுனில்?" என்று என் மகள் கேட்டாள். அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சிஐடி எண்டால் சண்டை முடிஞ்சதோட அந்தப் பேரும் போயிருக்கும். அந்தப் பொடியன் எப்பவாவது இந்தப் பக்கம் வந்தால், அந்தப் பேர் இன்னும் கிடக்குதெண்டு பார்ப்பான். அப்பவாவது அவனுக்கு விளங்கும், அது நாங்கள்தான் எண்டு."