இரண்டடி மஞ்சள்

ஒரகடத்தில் நாங்கள் கட்டிய ஓரறை வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடந்தபோது நான் நான்காம் வகுப்பு. சுவரின் அடிப்பட்டைக்கு ஆள் வைக்காமல் அப்பாவே பெயின்ட் அடித்தார். மேஸ்திரி அதை ஸ்கர்ட்டிங் என்பார். தரை கழுவும் தண்ணீர் சுவரில் ஏறாமலிருக்க ஒரு சாண் உயரத்துக்கு எனாமல். அப்பா உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்தார். நீலத்தூள் தடவிய நூலின் ஒரு முனை என் கையில். அவர் சுண்டினால் சுவரில் கோடு விழும். அதுவரைக்கும் சிவப்பு.

விழாவன்று விடியும்போது, கதவுக்கும் பீரோவுக்கும் நடுவே இரண்டடி மிச்சமிருக்க, சிவப்பு தீர்ந்துவிட்டது. கடை திறக்கவில்லை. "வெறும் சிமெண்டாவா வுடறது?" என்றாள் அம்மா.

அப்பா பரணிலிருந்து டிபன் டப்பா ஒன்றை இறக்கினார். என் சைக்கிளுக்கென்று கொண்டுவந்திருந்த மஞ்சள். அப்பா வேலை பார்த்த கம்பெனியின் தரையில் கோடு போடுவது. ஒரு ஜோடி கையுறையை எடுத்துப்போன ஒருவரை அதற்கு முந்தின மாதம்தான் அங்கே வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார்கள்.

"இப்பத்திக்கி இத்த அடி. சாயங்காலம் செவப்பு வெச்சிக்கலாம்" என்று பிரஷ்ஷை என்னிடம் கொடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன். வீட்டிலேயே அழகான இடம் அதுதான் என்று பட்டது.

கம்பெனியிலிருந்து அப்பா அழைத்தது சூப்பர்வைசரை மட்டும். அவரோ பந்தி நேரத்தில் கம்பெனி ஆபீசரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாபா, வூடு ஜோரா கீது!" என்ற சூப்பர்வைசரின் கண் அந்த மஞ்சளில் ஒரு நொடி நின்றது. அகலமான மனிதர் அவர். நேராகப் போய் அங்கேயே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"சார், சாயாதீங்க! ஈரமா கீது!" என்று கத்தினேன்.

"இருக்கட்டும் நைனா. முதுவு நோவுது."

"ஒரு சாப்பாட்டுக்கே முதுகு போச்சா?" எதிர்ப்பந்தியிலிருந்து ஆபீசர் சிரித்தார்.

"ஒரு நாளு லைன்ல நின்னு பாருங்க சார், தெரியும்."

ஆபீசர் கைகழுவ வெளியே போன பிறகுதான் சூப்பர்வைசர் எழுந்தார். வெள்ளைச் சட்டையின் இடுப்பில் மஞ்சள் அப்பியிருந்தது. அப்பாவின் துண்டை வாங்கி முதுகு மறையப் போர்த்திக்கொண்டு புறப்பட்டார். என் பட்டையில் அவர் சட்டை மடிப்பெல்லாம் பதிந்திருந்தது. அழுதேன். அன்று சாயங்காலமே அப்பா சிவப்பு வாங்கிவந்து அதன்மேல் பூசினார்.

அடுத்த வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு வாலாஜாபாத்துக்குப் போய் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினார், சூப்பர்வைசருக்காக. திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொள்ள நான் மறுத்தேன். நம் சுவரைக் கெடுத்தவருக்கு நாம் ஏன் சட்டை வாங்கித் தர வேண்டும்?