தேன்மொழிக்கு வரும் கடிதங்கள்

போன வாரம் தேன்மொழிக்கு ஒரு கடிதம் வந்தது. பெயரும் விலாசமும் கண்ணாடித்தாள் வழியாகத் தெரியும் நீள உறை. ஓரத்தில் பட்டமளிப்புத் தொப்பி போட்ட மூன்று பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தேன்மொழிக்கு முழுத் தகுதி இருக்கிறதாம். சில இடங்களே மீதமாம். உடனே போன் செய்ய வேண்டுமாம். பள்ளியில் என் மேசை இழுப்பறையில் அவளுடைய மற்ற கடிதங்களோடு அதை வைத்தேன். இப்போது அது அங்கே இல்லை. இந்தக் குறிப்பில் நான் பெயர் சொல்லி எழுதக்கூடிய ஒரே ஆள் தேன்மொழிதான். மற்ற எல்லோரும் உயிரும் உடம்புமாக இருந்தவர்கள், இருக்கிறவர்கள். அவர்கள் பெயரை இன்னொரு தாளில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. தேன்மொழி என்று ஒரு பெண் பிறக்கவே இல்லை.

அவளை உண்டாக்கியவர் எங்கள் கிளார்க் சார். ஜெயங்கொண்டம் பக்கத்தில் நான் இன்றைக்கும் வேலை பார்க்கும் மேல்நிலைப் பள்ளியில் அவர் இருபது வருடம் எழுத்தராக இருந்தார். வரதராஜன்பேட்டையிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். பள்ளிக்கு வரும் உறைகளைக் குப்பையில் போடுவதற்கு முன்பு விலாசத்தை மட்டும் கத்தரித்து, தண்ணீரில் ஊறவைத்துப் பிய்த்துப் போடுவார். ஜவுளிக்கடைக்காரன் குலுக்கல் கூப்பன் கொண்டுவந்து எங்களிடம் பெயர், போன் நம்பர், கல்யாண நாள் எல்லாம் எழுதச் சொன்னால், "ஒங்க கல்யாண நாளு அவனுக்கு எதுக்கு டீச்சர்? அவனா தாலி எடுத்துக் குடுத்தான்?" என்று கேட்பார். நாங்கள் அவருக்கு சிஐடி என்று பெயர் வைத்திருந்தோம். அவர் காதுபடவே சொல்வோம்.

அவருடைய சந்தேகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஒருமுறை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வடை வாங்கியிருக்கிறார். வடையை வைத்துக் கொடுத்த தாளைப் பிரித்தால் எங்கள் பள்ளியின் பழைய சேர்க்கை விண்ணப்பம். எண்ணெய்க் கறைக்கு நடுவே இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணின் போட்டோ, கீழே அப்பா பெயர், தெரு, ஊர். பழைய பேப்பர்காரனுக்கு யாரோ கட்டாகப் போட்டிருக்கிறார்கள். டீக்கடைக்காரரிடம் மிச்சமிருந்த கட்டு முழுவதையும் விலை பேசி வாங்கிவந்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதை அவர் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். வடையைத் தின்றாரா இல்லையா என்று கேட்டவள் நான்தான்.

ஒரு வருடம் பிளஸ் டூ முடிவு வரும் சமயம், எல்லாப் பிரிவு மாணவர்களின் பெயர், விலாசம், போன் நம்பர் அடங்கிய பட்டியலை எங்களில் நாலு பேருக்கு ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். முடிவு வந்ததும் வீடுகளுக்குப் போன் செய்து சொல்வது எங்கள் பொறுப்பு. பட்டியலுக்கு நோட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். எங்களையெல்லாம் இவர் திருடர்கள் என்றே நினைக்கிறார் என்று எனக்கு எரிச்சல். என் வகுப்புக்கான பக்கங்களைத் தவிர வேறு எதையும் நான் புரட்டவில்லை.

அடுத்த வாரம் எங்கள் பழைய மாணவன் ஒருவன் டை கட்டிக்கொண்டு ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். ஏதோ ஒரு ஊர்க் கல்லூரியில் சேர்க்கை வேலை பார்க்கிறானாம். "மிஸ், நீங்க நடத்துன விலங்கியல் இன்னும் மனசுலேயே நிக்குது மிஸ்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். "புள்ளைங்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் ஒண்ணு அனுப்பப் போறோம், ஃப்ரீதான். லிஸ்ட்டு இருந்தாக் குடுங்க மிஸ், ஜெராக்ஸ் எடுத்துட்டுப் பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றான். எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாத பிள்ளைகள். யாரோ புண்ணியவான் புத்தகம் அனுப்புகிறான். நல்லதுதானே என்று எடுத்துக் கொடுத்தேன். சொன்னபடி பத்து நிமிடத்தில் பட்டியல் திரும்பி வந்தது. அல்வாவும் நன்றாக இருந்தது.

அந்த வருடம் என் வகுப்பில் முதலாவதாக வந்த பெண் கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்து ஊரைச் சேர்ந்தவள். முந்திரிக் கொல்லை வைத்திருந்த குடும்பம். அவள் அப்பா அதிகம் பேசாதவர், பேசினால் மாற்றாதவர். பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்ப அவரைச் சம்மதிக்க வைக்க அவள் அம்மாவுக்கு ஒரு வருடம் பிடித்தது. அரியலூரில் அரசுக் கல்லூரி, காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் பஸ்ஸில் வீடு வந்துவிட வேண்டும், ஹாஸ்டல் பேச்சே கூடாது. இந்த நிபந்தனைகளை அவள் என்னிடம் சொன்னபோது, மார்க்கைச் சொன்னதைவிட அதிகமாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பத்து நாள்கூட ஆயுள் இல்லை. அவள் அம்மா ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்து என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவுடையது. அதில் ஒரு வாலிபக் குரல் பெண்ணின் பெயரைச் சொல்லி, அவள் இருக்கிறாளா, எங்கள் கல்லூரியில் சேர்வதாகச் சொல்லியிருந்தாளே என்று கேட்டிருக்கிறது. மறுநாளே தபாலில் ஒரு கடிதம்: தங்கள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டோம், விடுதியில் அறை ஒதுக்கிவிட்டோம் என்று. "எவனோ வயசுப்பய பேரு சொல்லிக் கேட்டானாம் டீச்சர். எனக்குத் தெரியாம எங்கடி ஓடப் பாக்குறன்னு இவரு குதிக்கிறாரு. அது சோறு தின்னு ரெண்டு நாளாச்சு. நான் எதுவுமே எழுதிப் போடலன்னு சத்தியம் பண்ணுது. காலேஜும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், எங்க நாத்தனார் மவனுக்குப் பேசி முடிச்சிடறேன்ங்கிறாரு. நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்க டீச்சர்." வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பத்து நிமிட ஜெராக்ஸ் எனக்கு அப்போதே ஞாபகம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கிளார்க் சார் என் மேசைமேல் ஒரு உறையை வைத்தார். "இந்தப் பொண்ணு யாருன்னு தெரியுதா டீச்சர்?" தேன்மொழி என்று இருந்தது. வேறு செக்‌ஷனாக இருக்கும் என்றேன். "எந்த செக்‌ஷனும் இல்ல. நம்ம ஸ்கூல்ல அப்படி ஒரு புள்ளயே இல்ல. விலாசம் எங்க வூட்டு விலாசம்" என்றார். நாலு பிரதியிலும் பிள்ளைகள் பெயருக்கு நடுவே, பிரதிக்கு ஒருத்தியாக, இல்லாத பெண்களைச் சேர்த்துத் தன் வீட்டு விலாசத்தைப் போட்டிருக்கிறார். பட்டியல் வெளியே போனால் எந்தப் பெண்ணுக்குக் கடிதம் வருகிறதோ அதை வைத்து யார் பிரதி என்று தெரிந்துவிடும். தேன்மொழி என் பிரதியில் மட்டும்தான் இருந்தாள்.

எனக்கு வந்த கோபம் இன்றும் ஞாபகம் இருக்கிறது. "எங்களத் திருடிங்கன்னு நெனச்சுப் பொறி வச்சீங்களா சார்?" என்று கத்தினேன். "ஆமா" என்றார். கொஞ்சமும் கூசவில்லை. "திட்டுறத அப்பறம் திட்டுங்க. அந்தப் பொண்ணுக்கு வந்துச்சுன்னு அவங்கம்மா காட்டுன லெட்டரும் இதுவும் ஒரே வாசகம். பொறக்காத புள்ளையோட விண்ணப்பத்தையும் ஏத்துக்கிட்டோம்னு எழுதியிருக்கான். இத அவங்க அப்பா பாத்தா, மக மேல தப்பு இல்லன்னு வெளங்கிடும். ஆனா நான் காட்டுனாப் பத்தாது. லிஸ்ட்டு எப்படிப் போச்சுன்னு நீங்க வாயால சொல்லணும்."

நான் நாலு நாள் போகவில்லை. முதல் நாள், அந்தப் பெண்ணின் அப்பாவுக்குக் கோபம் தானாகத் தணியும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் தலைவலி. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நாலாம் நாள், தலைமையாசிரியருக்குத் தெரிந்தால் மெமோ வரும் என்று பயம். உண்மையைச் சொன்னால், ஒரு முந்திரிக்கொல்லைக்காரர் முன்னால் போய் நான் ஏமாந்தவள் என்று நிற்பதற்கு வெட்கம். ஞாயிறு தவிர தினமும் காலையில் கிளார்க் சார் என் அறை வாசலில் வந்து நிற்பார். ஒன்றும் கேட்காமல் போய்விடுவார். அவரைக் கண்டாலே எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் இருவரும் டவுன் பஸ்ஸில் போனோம். வாசலில் முந்திரிக்கொட்டை காயப் போட்டிருந்தார்கள். அவள் அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார். இரண்டு கடிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக் கடைசிவரை படித்தார். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்வீட் பாக்ஸைக்கூட விடவில்லை. கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் நிற்பது தெரிந்தது.

"அப்ப எம்பொண்ணு எதுவும் எழுதிப் போடல?"

"போடலைங்க."

"அந்தப் பய யாருன்னும் அதுக்குத் தெரியாது?"

"தெரியாதுங்க. தப்பு என்னோடது."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கடிதங்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டு நாளைக்கு முன்னாடி வந்திருக்கக் கூடாதா டீச்சர்? நேத்துதான் எங்க அக்கா வூட்டோட வெத்தல பாக்கு மாத்துனோம்" என்றார். கிளார்க் சார் விடவில்லை. படிப்பு முடியட்டும், கல்யாணத்தை மூன்று வருடம் தள்ளிப் போடுங்கள் என்று அரை மணி நேரம் மன்றாடினார். "சபையில குடுத்த வார்த்த சார்" என்று அவள் அப்பா திரும்பத் திரும்ப அதையே சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அந்தப் பெண் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பதினெட்டு முடிந்த ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைத்தார்கள். போனேன், சாப்பிட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் கிளார்க் சார், "நானாவது தனியாப் போயி மொத நாளே காட்டியிருக்கணும்" என்றார். அவர் தன்மேல் சந்தேகப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

தேன்மொழிக்குக் கடிதம் வருவது நிற்கவில்லை. அந்தக் கோடையில் பதினோரு கல்லூரிகள் அவளுக்கு இடம் கொடுத்தன. மூன்று வருடம் கழித்து பி.எட். படிக்க அழைத்தார்கள், பிறகு வங்கித் தேர்வுப் பயிற்சி. அதன்பின் ஒரு திருமணத் தகவல் மையம் அவளுக்கு ஏற்ற வரன்கள் இருப்பதாக எழுதியது. எங்கோ யாரோ உட்கார்ந்து, வருடம் தவறாமல் அவளுக்கு வயது ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கிளார்க் சார் ஒன்றையும் கிழிக்காமல் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார். "ஒங்க புள்ளைக்கு வந்திருக்கு டீச்சர்" என்பார். அதில் கேலியும் இருக்கும், குத்தலும் இருக்கும். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. இப்போது அவர் மனைவி கொடுத்தனுப்புகிறார்.

நானும் அவரைப் போலவே ஆகிவிட்டேன். மருந்துக்கடையில் போன் நம்பர் கேட்டால், போனே கிடையாது என்பேன். போன மாதம் அப்படிச் சொல்லும்போதே கைப்பைக்குள் அது அடித்தது. கடைப்பெண் சிரித்தாள். எடுத்துப் பார்த்தால், வீடு கட்ட லோன் வேண்டுமா என்று என் பெயரைச் சொல்லியே ஒரு குரல் கேட்டது. புது ஆசிரியைகள் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நேற்று முன்தினம் ஆறாம் வகுப்புச் சேர்க்கை. அந்த முந்திரிக்கொல்லை வீட்டுப் பெண் தன் மகளோடு என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்க்கிறேன். விண்ணப்பத்தை நிதானமாக நிரப்பினாள். அதே முத்தான கையெழுத்து. போன் நம்பர் கட்டத்தில் பேனா நின்றது.

"இத யார் யாரு பாப்பாங்க மிஸ்?"

"நான் பாப்பேன். ஹெச்.எம். பாப்பாங்க. அப்பறம் கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் எனக்குத் தெரியாதும்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பேனாவை மூடிவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு இன்னும் லெட்டர் வருதா?" என்று கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று விளங்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இழுப்பறையைத் திறந்து, போன வாரக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். தன் அப்பாவைப் போலவே வரிக்குக் கீழே விரலை ஓட்டிக் கடைசிவரை படித்தாள். "பி.எச்டி. வரைக்கும் போயிட்டா" என்றாள். குழந்தை எட்டிப் பார்த்து, "யாரும்மா அது?" என்று கேட்டது. "என்னோட படிச்சவ" என்றாள்.

கடிதத்தை அதே மடிப்பில் மடித்தாள். "இத நான் வச்சுக்கட்டுமா மிஸ்?"

வைத்துக்கொள் என்றேன். உறையோடு பைக்குள் வைத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். போன் நம்பர் கட்டத்தை நிரப்பாமலேதான் போயிருந்தாள். கூப்பிட்டு எழுதச் சொல்லியிருக்க வேண்டும், விதி அப்படித்தான். நான் கூப்பிடவில்லை. வெற்றுக் கட்டத்தோடு இருந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, அதை இழுப்பறையில் தேன்மொழியின் கடிதங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.