கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கணு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருக்கிறது எங்கள் மூன்றாம் மாடி வீடு. மழைக்காலத்தில் துவாய்கூட ஒழுங்காகக் காயாது. அப்படிப்பட்ட வீட்டில், காற்றில் ஈரம் போதாது என்று ஒரு செடிக்குக் கண்ணாடி வீடு கட்டிக் கொடுத்தவன் நான்.

மகள் படிக்க வெளிநாடு போனபின் அவளுடைய மீன்தொட்டி வெறுமையாகக் கிடந்தது. அந்த நாட்களில்தான் போனில் ஒரு கொடியின் படத்தைக் கண்டேன். கூரைக்கு ஓடு அடுக்கியதுபோல, ஒன்றின்மேல் ஒன்றாக இலைகள் மரத்தோடு ஒட்டிப் படிந்து ஏறும் கொடி. எங்கும் லேசில் கிடைக்காதாம். விற்பவரைத் தேடிப்பிடித்து, கொட்டாஞ்சேனைக்குப் போய் மூன்று துண்டுகள் வாங்கி வந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கணு, ஓர் இலை. மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு, கீரையென்று நினைத்து, சுண்டுவதற்கு இது காணாதே என்றாள்.

தொட்டியின் அடியில் கூழாங்கல், மேலே ஈரப்பாசி, கொடி ஏறுவதற்கு நடுவில் ஒரு பலகை. எல்லாம் முறைப்படி செய்தேன். பிறகு, வேர் விட்டதா என்று அறியத் தினமும் காலையில் துண்டுகளைப் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டு அழுகிப்போயின. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின்தான் காரணம் என்று முடிவுகட்டினேன். பிடுங்கிய கை காரணமாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. பல்கனியில் பேசின் வைத்து மழைத்தண்ணீர் பிடிக்கத் தொடங்கினேன்.

டெங்கு பரவிய நேரம் அது. சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் எங்கள் மாடிக்கும் வந்தார். செடியைப் பார்க்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவரை நேரே தொட்டியடிக்குக் கூட்டிப்போனேன். அவரோடு சிங்களத்தில் பேசினேன்; 'அரிய செடி' என்பதற்குச் சொல் வாயில் வரவில்லை. யாரிடமும் இல்லாத செடி என்று சமாளித்தேன். யாருக்கும் வேண்டாத செடி என்று விளங்கிக்கொண்டாரோ என்னவோ, அனுதாபத்தோடு தலையாட்டினார். பிறகு பல்கனிக்குப் போய்ப் பேசினுக்குள் டோர்ச் அடித்தார். நுளம்புக் குடம்பிகள் புழுப்புழுவாக நெளிந்தன.

"அங்கிள், செடி வளக்கிறீங்களா, நுளம்பு வளக்கிறீங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். தண்ணீரை என் கையாலேயே ஊற்றவைத்து, எச்சரித்துவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கும்வரை மனைவி பொறுத்திருந்தாள்.

"இனி நீங்கள் அந்தத் தொட்டியிலை கைவைக்கக் கூடாது. மூடிவிட்டுப் பேசாமல் இருங்கோ. செத்தால் சாகட்டும்."

மூடினேன். கோபத்தில் அந்தப் பக்கம் பார்ப்பதையும் விட்டேன். மிஞ்சியிருந்த துண்டு அதற்குப் பிறகுதான் வேர்விட்டுத் துளிர்த்தது.

ஆனால் அது பலகையில் ஏறவில்லை. முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஏறியது. இலைகளின் அழகெல்லாம் சுவர்ப் பக்கம். சோபாவில் இருந்து பார்க்கும் எங்களுக்கு வெளிறிய முதுகும் வேரும்தான். வேர் அறாமல் கண்ணாடியிலிருந்து அதை எப்படி உரிப்பது என்று ஒரு கிழமையாகப் படித்தேன். ஒருநாள் தேத்தண்ணீர் கொண்டுவந்த மனைவி, "தொட்டியைத் திருப்பி வையுங்கோவன்" என்றாள்.

இருவருமாகப் பிடித்துத் திருப்பினோம். பச்சை ஓடுகள் வரிசையாக எங்களைப் பார்த்தன. இதை யோசிக்க முடியவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்றும் ஒரு புது இலை விரிந்திருக்கிறது. முதலில் கண்டது மனைவிதான். மூடியைத் திறந்து பார்க்கட்டா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.