சேம்பிலை கேட்ட குறுப்பு

கீழ்மண்ணூர்ப் படகில் ஸ்ரீதரக் குறுப்பு துடுப்புப் போட்டதை யாரும் பார்த்ததில்லை. பிழைப்புக்கு பஸ் கண்டக்டர், நோஞ்சான் உடம்பு, வெண்கலக் குரல். ஓணம் கழிந்து படகுப் பந்தயம் வந்துவிட்டால், துடுப்புக்காரர்களுக்கு நடுவே நின்று பாடுவார். அவர் பாடினால் படகு பறக்கும் என்று ஊர் சொல்லும். அவரும் அதை மறுத்ததில்லை.

பந்தயத்துக்கு மறுநாள் விருந்து. சாமிக்கு நேர்ந்துகொண்ட வீட்டார் துடுப்புக்காரர்களுக்கும், வருகிற ஊர்க்காரர், வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு போட வேண்டும். துடுப்புக்காரர்கள் வேண்டியதைப் பாட்டாகத்தான் கேட்பார்கள். பாடிக் கேட்டதை இல்லையென்றால் நேர்ச்சை குறைபட்டுப் போகும். குறுப்பின் ஆட்டமெல்லாம் இங்கேதான். போன வருஷம் ஒரு காண்டிராக்டர் வீட்டில், நாற்பது கறிக்குப் பிறகும் ஆற்றோரத்துச் சேம்பிலையில் தேங்காய் போட்டு வதக்கிய தோரன் கேட்டுப் பாடி, அந்த மனிதரைப் பட்டுவேட்டியோடு சேற்றில் இறங்க வைத்தார்.

இந்த வருஷம் நேர்ச்சை சரசம்மாவுடையது. விருந்து வீடுகளில் காய் நறுக்கிப் பிழைக்கிறவள். மகள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது நேர்ந்துகொண்டாள். அரிசி ஒரு வீடு, தேங்காய் ஒரு வீடு, விறகு ஒரு வீடு என்று ஊரே கொடுத்தது. இருந்தாலும் குறுப்புக்குப் பயம். தன் வாயால் அவள் நேர்ச்சை கெட்டுவிடக் கூடாதே!

பந்தியில் உட்கார்ந்ததும் ராகம் இழுத்துப் பப்படம் கேட்டார். அடுத்தது பருப்பு. அடுத்தது மோர்.

பக்கத்து இலை வாசுக்குட்டன் முழங்கையால் இடித்தான். "என்ன சேட்டா, தொண்டை கட்டிக்கிச்சா? அடுத்து உப்பு கேப்பீங்களா?"

"சும்மா தின்னுடா."

சரசம்மா கரண்டியோடு எதிரே வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"குறுப்பு சேட்டா, காண்டிராக்டர் வீட்ல என்ன ஆட்டம் ஆடினீங்க! என் வீட்டுக்கு வந்தா வெறும் பப்படமா? என்னைப் பாத்தாப் பாவமா இருக்கோ?"

"அப்படியில்ல சரசம்மா..."

"அப்படித்தான். நான் முழுசா நேர்ந்துக்கிட்டேன், நீங்க பாதியாக் கேக்கறீங்க. கேக்க வேண்டியதைக் கேளுங்க."

கேட்காவிட்டால் அவளுக்கு அவமானம். கேட்டு, அது இல்லாமல் போனால் இன்னும் மோசம். கண்ணை மூடிக்கொண்டு சேம்பிலைப் பாட்டை எடுத்தார்.

கண்ணைத் திறந்தபோது இலையில் ஆவி பறக்கத் தோரன் இருந்தது.

"விடியறப்பவே ஆத்துல இறங்கிப் பறிச்சுட்டேன்," என்றாள் சரசம்மா. "பதினஞ்சு வருஷமா விருந்து வீட்டுக் கொல்லைல காய் நறுக்கிக்கிட்டே உங்க பாட்டைத்தானே கேக்கறேன்? அதுல வர்ற அத்தனையும் உள்ளே சமைச்சு வச்சிருக்கேன். பாடுங்க, பாத்துடலாம்!"

பந்தி முழுக்க ஒரே சிரிப்பு, கைத்தட்டல். குறுப்புக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷம் தாங்கவும் முடியவில்லை. தோரனை வழித்துத் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடேன்," என்றார்.

"பாடினாத்தான்."

குறுப்பு வாயைத் திறந்தார். தொண்டை அடைத்துக்கொண்டது. கடைசியில் வாசுக்குட்டன்தான் அவருக்காகப் பாடினான், படு அபஸ்வரமாக. சரசம்மா இரண்டு கரண்டி போட்டாள்.