கடைசி மோட்டார் முதலில் ஓடும்

தானாக ஓடும் இயந்திரம் வந்துவிட்டால், அதை மாட்டியவனைத்தான் முதலில் ஊருக்குக் கப்பலேற்றுவார்கள் என்று நான் மனதார நம்பினேன். ரங்கூன் அரிசி ஆலையில் ஒரே பொத்தானில் எல்லா மோட்டாரையும் கிளப்பும் ஆட்டோமாட்டிக் போர்டு மாட்டும் வேலை. அதற்கு நானே தலைவன். காலையில் கம்பி முடுக்குவேன். சாப்பாட்டு வேளையில் தகரப் பெட்டியில் துணி அடுக்குவேன். கூட வேலை பார்த்த திருவட்டாற்றுச் செல்லையனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

"ஏலே மக்கா, நீ மாட்டுன போர்டு ஒன்னைய வெரட்டுமுன்னு நீயே துணி மடக்குதியே, வெக்கமா இல்லியா?"

"வெக்கம் இருக்குலே. பயம் அதைவிடக் கூட இருக்கு."

நாகர்கோவிலுக்குத் தெற்கே எங்கள் ஊர் வயல்வெளியில், ஏலாவில், ஒரு கட்டுப்பாடு உண்டு. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் முதல் முறை கடைமடை வயலுக்கு. அது நனைந்த பிறகே அதற்கு மேல் வயலின் மடை திறக்கும். என் வயலும் கடைமடைதான். போர்டையும் அந்த வரிசையில்தான் கட்டினேன். பொத்தானை அழுத்தினால் கடைசியில் இருக்கும் அரிசி தீட்டும் இயந்திரம் முதலில் ஓடும்; அது வேகம் பிடித்ததும் உமி நீக்கும் இயந்திரம்; முகப்பில் நெல்லைத் தூக்கும் வாளிகள் கடைசியில். முகப்பு முந்தினால், ஓடாமல் நிற்கும் இயந்திரத்தில் நெல் போய் அடைத்துக்கொள்ளும். எல்லாம் ஒன்றாகக் கிளம்பினாலோ பியூஸ் போய்விடும்.

இதைப் பர்மிய மேஸ்திரி கோ தினுக்கு விளக்க, தண்ணீர் ஓடுவதுபோல் கையை வளைத்து வளைத்துக் காட்டினேன். அவர் கவலையோடு தலையாட்டிவிட்டுப் போய் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து போர்டருகே வைத்தார். தீப்பிடிக்கும் என்று நான் சொன்னதாக எண்ணம்!

திறப்புவிழாக் காலையில் ஆலையை நடத்தும் வெள்ளைக்காரத் துரை அந்த வாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முதலாளியும் விருந்தினரும் முகப்பில் நிற்பதால் முகப்பு மோட்டார்தான் முதலில் ஓடவேண்டும், கம்பியை மாற்று என்றார்.

"மாற்றமாட்டேன், துரை."

"அப்படியானால் அடுத்த கப்பலில் நீ இருப்பாய்."

"பெட்டி தயார். கம்பி மட்டும் மாறாது."

வாய்தான் இப்படிப் பேசியது. மனம் அப்போதே துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. துரைக்கு வேறு வழியில்லை. கம்பியைத் தொட என்னையும் செல்லையனையும் விட்டால் ஆளில்லை. செல்லையனோ கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

முதலாளி பொத்தானை அழுத்தினார். முகப்பில் ஒரு வாளிகூட அசையவில்லை. மிஷன் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற நான், ஏசுவைக் கூப்பிட்ட கையோடு ஆதிகேசவப் பெருமாளையும் கூப்பிட்டேன். ஆபத்துக்கு யார் வந்தாலும் சரி. ஆலையின் பின்கோடியில் ஒரு முனகல். பிறகு நடுவில். பிறகு எங்கள் காலடியில் தரை அதிர, நெல் மேலே ஏறியது. கோ தின் வாளியை எடுத்துக்கொண்டுபோய் முகம் கழுவினார்.

துரை என்னைக் கப்பலேற்றவில்லை. அடுத்த ஆலைக்கும் போர்டு மாட்டச் சொல்லி அனுப்பினார். பெட்டியைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டேன். ஊரில் கடைமடைக்குத் தண்ணீர் விடும்போது இன்றும் வயல்காரனாக என் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். "ஆளு உண்டு" என்று எனக்குப் பதிலாக வயலைப் பார்க்கும் மச்சினன் குரல் கொடுத்து மடையைத் திறக்கிறான். நான் இங்கே பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறேன்.