ஒரு சொட்டு ரத்தம் இல்லாத படங்கள்

இன்று போளூரிலிருந்து ஆரணி வரும் பஸ்ஸில், என் பின் சீட்டில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும். முன்னால் யாரோ ஒருவன் போனில் சண்டைப் படம் பார்த்துக்கொண்டு வந்தான். பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"இதப் பாத்துதான் பசங்க கெட்டுப் போறானுங்க. எண்பதுகள்ல நாங்க குடும்பத்தோட படம் பாத்துகினு இருந்தோம். ஒரு சொட்டு ரத்தம் இருக்காது."

உண்மைதான். அப்போது அமாவாசையன்று தறி ஓடாது. எங்கள் நெசவாளர் தெருவே தியேட்டரில் இருக்கும். கதாநாயகன் இருபது ரவுடிகளை அடிப்பான். ஆனால் கொட்டகை அதிர விசில் பறப்பது, திமிர் பிடித்த கதாநாயகியை அவன் கன்னத்தில் அறையும்போதுதான். பெண்கள் பக்கம் உட்கார்ந்து நானும் கை தட்டியிருக்கிறேன், வெட்கக்கேடு.

திரும்பிக் கேட்டேன். "ஹீரோயின அறைஞ்சா விசில் அடிப்பீங்களே, அதுக்கு இன்னா பேரு?"

"அது சண்டை இல்லம்மா. திருத்தறது."

அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்த மனைவி, முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"படம் பாத்துட்டு வந்து என்னையும் திருத்துனீங்களே, அது இன்னா படம்ங்க?"

ஆரணி வரும்வரை பெரியவர் முன்னால் போனில் ஓடிய சண்டைப் படத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

படத்தின் பெயர் யாருக்காவது ஞாபகமிருந்தால் சொல்லுங்கள். பாவம், அவருக்கு மறந்துவிட்டது.