திருவிழாவில் தண்ணீரை நிறுத்தியவர்

போன வாரம் தடுப்பூசிப் பெட்டியோடு பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது, ரெஜினா அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தாள். "நர்சக்கா, காலையில அக்கா கதவே திறக்கல. உடைச்சுப் பாத்தா..." என்று நிறுத்தினாள். மேலே எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, உப்பளத்து ஓரமாக எதிர்ப்பக்கப் பேருந்துக்குக் காத்து நின்றேன்.

தூத்துக்குடி குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவராக அவரை உங்களில் பலருக்குத் தெரியும். தருவைகுளத்துக்கு அப்பால் உள்ள அவருடைய பிறந்த ஊரில் நான் சுகாதாரச் செவிலியர். அங்கே ஒரு மாதா கோயில் திருவிழாச் சமயத்தில்தான் நாங்கள் நெருக்கமானோம்.

கொடியேறிய மறுநாளே பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. அக்காவை அழைத்தேன். வந்து தெருத்தெருவாகப் புட்டிகளில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். சோதனை முடிந்ததும் நேரே ஊர்க்கமிட்டித் தலைவரிடம் வந்தார். தலைவர் அவருடைய உடன்பிறந்த அண்ணன்.

"அண்ணே, குடிதண்ணியில சாக்கடை கலந்திருக்கு. தொட்டிய அடைக்கணும்."

"ஏளா, ஊரு பூரா விருந்தாளி வந்திருக்கு. திருவிழா முடியட்டும்."

"அதுக்குள்ள பிள்ளைங்க உசுரு போயிரும்ணே."

"கூடப் பொறந்தவளே ஊரைக் காட்டிக்கொடுக்காளே!" என்று அண்ணன் கத்தினார். அக்கா வாதாடவில்லை. அதிகாரிகளுக்குச் சொல்லித் தொட்டியை அடைக்க வைத்து, லாரித் தண்ணீர் வரும்வரை அந்த வெயிலில் அங்கேயே நின்றார். மீன் ஏலக்கூடத்துப் பக்கம் தோண்டியபோது, சாக்கடைக்கு அடியில் குழாய் உடைந்து கிடந்தது. மாற்றினார்கள். பிள்ளைகள் எல்லாரும் பிழைத்தார்கள். ஆனால் விருந்தாளிகள் பாதியில் கிளம்பிப் போனதைத்தான் ஊர் மறக்கவில்லை. அண்ணன் அதோடு பேச்சை விட்டார்.

அதன் பிறகும் அக்கா தண்ணீர் எடுக்க அந்த ஊருக்கு வந்துகொண்டுதான் இருந்தார். அண்ணன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். "வேற ஆளை அனுப்பச் சொல்லலாம்லாக்கா?" என்றேன். "கோவம் எம்மேலதானே? தண்ணி என்ன செஞ்சுது?" என்றார்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அவருக்கு அழைப்பு இல்லை. அன்று என் வீட்டுக்கு வந்தார். கல்யாணப் பேண்டு வாத்தியச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தவர், "ஏளா, பந்தியில கொதிக்க வச்ச தண்ணிதான் வைக்காங்களான்னு ஒரு எட்டு பாத்துட்டு வா" என்றார். போய்ப் பார்த்துச் சொன்ன பிறகுதான் சாப்பிட்டார்.

அடக்கத்துக்கு அண்ணன் வந்திருந்தார். எல்லாரும் கலைந்த பிறகு என்னருகில் வந்து, "என்னயப் பத்தி எதும் பேசுவாளா?" என்று கேட்டார்.

"ஊருக்கு வாரப்பல்லாம் கேப்பாங்க அண்ணாச்சி, அண்ணன் சொகமா இருக்காரான்னு."

அவர் புதுமண்ணைப் பார்த்தபடி நின்றார்.

பிடிக்காத செய்தியைச் சொல்லிவிட்டு ஓடாமல் நிற்பதுதான் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது. நேற்று ஒரு தெருவில் குழாய்த் தண்ணீர் நாறியது. குடிக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொன்னேன். முகம் சுளித்தார்கள், ஏசினார்கள். நின்று சொல்லி முடித்தேன். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லத்தான் எனக்கு ஆள் இல்லை.